ஐந்தாம் மாடி, வீடு மூன்று

நான்கே மாடிகள் உள்ள அந்தக் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் தீப்பிடித்திருப்பதாக எச்சரிக்கை மணி முதன்முதலில் அலறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதிப் பேர் வாயில் பற்பசை நுரையோடு நின்றிருந்த நேரத்தில். எல்லாரும் திடுதிடுவென்று படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு வந்தார். தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் சின்னத் திரையில் ‘ஐந்தாம் மாடி, வீடு மூன்று, சமையலறை’ என்று எழுத்து வந்து நின்றது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார், பிறகு வாசலுக்குப் போய் அண்ணாந்து மாடிகளை விரல்விட்டு எண்ணினார். நான்குதான் வந்தது. அதற்கு மேலே மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, துணிக் கொடிகள், வானம். கொஞ்ச நேரத்தில் மணி தானாக நின்றுவிட, மீதிப் பல்லைத் துலக்க எல்லாரும் மேலே போனார்கள்.

அந்த மணியைச் சோதித்துப் பராமரிக்கும் மனிதரைக் கட்டடத்தில் எல்லாரும் மணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் பெண்டாட்டியின் தம்பியும் அவரோடு வேலைக்கு வருவான். அது ஒரு ஆள் செய்கிற வேலையில்லை. ஒருவர் நீளக் கழியின் முனையில் மருந்து வாடை அடிக்கும் சோதனைப் புகை டப்பாவைச் செருகிக்கொண்டு, கூரையில் இருந்து புகையை மோப்பம் பிடிக்கும் ஒவ்வொரு டிடெக்டரின் மூக்கிலும் ஒரு வாய் புகை ஊத வேண்டும். மற்றவர் கீழே பேனல் முன்னால் நின்று, அந்த இடத்தின் பெயர் திரையில் வந்ததும் போனில் ‘வந்துடுச்சு மாமா’ என்று சொல்ல வேண்டும். புகை கலைந்து விளக்கு அணைந்ததும் ‘போயிடுச்சு மாமா’. மாமனும் மச்சினனும் வருஷக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசியதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியம்தான். மூன்றாவது வாக்கியம் வந்தால் சண்டையில் போய் முடியும். கழியைப் பிடிப்பது யார், பேனலில் நிற்பது யார் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை, ஏனென்றால் மச்சினனுக்கு ஏணி என்றாலே தலை சுற்றும்.

மணிக்காரருக்கு இந்த ஐந்தாம் மாடியின் வரலாறு தெரியும். வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கட்டடத்தை ஐந்து மாடியாகத்தான் வரைந்தார்கள். அனுமதி நான்குக்குத்தான் கிடைத்தது. அதற்குள் பேனலை வாங்கி, வரைபடத்தைப் பார்த்து எல்லா வீட்டுப் பெயரையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் சங்கதி, பழைய பெயர் ஒன்று எங்கோ சிக்கிக்கொண்டு குழப்புகிறது என்று செயலாளரிடம் விளக்கிவிட்டு, ஐந்தாம் மாடியின் பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தார். மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே பெயரோடு மணி அடித்தது. அந்த ஒரு டிடெக்டரை மட்டும் பேனலில் முடக்கி வைத்தார். அது ராத்திரி முழுக்க முடங்கிக் கிடந்து காலையில் எழுந்துகொண்டது. மேலே போகும் ஒயரைத் தேடி மொட்டைமாடிக்குப் போனார். தளத்திலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த ஒயர் முனையில் டேப் சுற்றியிருந்தது, டேப்பின் மேல் பாசி படர்ந்திருந்தது. அதைத் தாண்டி எதுவும் இல்லை.

பேனலில் தெரிகிற ஒவ்வொரு டிடெக்டருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது புகை காட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். புகை காட்டாத எதையும் நம்பாதே என்பது மணிக்காரரின் சொந்தச் சட்டம். ஆகவே எரிச்சலோடு வரைபடத்தை விரித்து, கட்டப்படாத மூன்றாம் வீட்டின் சமையலறை எங்கே வந்திருக்கும் என்று டேப் வைத்து அளந்து, சாக்கட்டியால் தளத்தில் கோடு போட்டு, நடுவில் நின்று கூரை இருந்திருக்க வேண்டிய உயரத்துக்குக் கழியை உயர்த்தினார். துணி எடுக்க வந்த இரண்டாம் மாடி அம்மா இதைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போனாள். புகை மேலே போய், காற்றில் கலையாமல், ஒரு வளையமாகச் சுருண்டு எதற்குள்ளேயோ நுழைந்து மறைந்தது.

“வந்துடுச்சு மாமா,” என்றான் மச்சினன்.

அவர் கழியை இறக்கிவிட்டுத் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகப் போச்சே என்று வாய்விட்டே சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி, மத்தியானம் சமையல்கட்டில் ஏதோ மருந்து வாடை அடித்ததாகவும், எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று பரணையெல்லாம் கவிழ்த்துப் பார்த்ததாகவும் புலம்பினாள். அவருக்கு இருந்த கடுப்பில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மணி வாரத்தில் மூன்று நாளாவது அடித்தது, பெரும்பாலும் காலையில், சில நாள் சாயங்காலத்தில். முதல் மாதம் எல்லாரும் கீழே இறங்கினார்கள். இரண்டாம் மாதம் மணிக்காரரைப் போனில் திட்டிவிட்டு இறங்கினார்கள். அந்த வருஷக் கடைசியில் யாரும் இறங்கவில்லை. ‘அஞ்சாவது மாடிதானே’ என்று சொல்லிக்கொண்டு குளித்தார்கள், சாப்பிட்டார்கள், மணியோடு போட்டி போட்டுக்கொண்டு தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள். நடைகளில் இருந்த சைரன்களுக்குள் பழைய துணியைத் திணித்தார்கள். மணிக்காரர் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவார், அடுத்த வாரம் போர்வையைத் திணித்திருப்பார்கள். அவருடைய பெரிய கவலை இதுதான். புலி வருது புலி வருது என்று கத்திக் கத்தி, நிஜமாகவே இரண்டாம் மாடியில் தீப்பிடிக்கிற அன்றைக்கு ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்களே, அந்தப் பழி யார் தலையில் விடியும்?

இதையெல்லாம் வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்தக் கட்டடத்து வேலையை எடுத்திருப்பதே அவர் மனைவிக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று மச்சினனிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். கல்யாணமான புதிதில், மாமனார் அந்தக் கட்டடத்தில் மகளுக்கு ஒரு வீடு பதிவு செய்யப் போனபோது, நாலாவது மாடியா அஞ்சாவது மாடியா மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்டார். “அஞ்சாவதே சொல்லுங்க மாமா, காத்து நல்லா வரும்,” என்று புது மாப்பிள்ளை மிடுக்கோடு சொன்னவர் இவர்தான். ஐந்தாவது மாடி வரவில்லை. முன்பணம் திரும்பி வந்தது, அது வேறு செலவில் கரைந்தது, வாடகை வீடு வாய்த்தது. அந்த வீட்டின் சமையல்கட்டில் ஜன்னல் கிடையாது. அவர் மனைவி வரைபடத்திலேயே அடுப்பு இங்கே, அலமாரி அங்கே என்று குடித்தனத்தை நடத்தி முடித்திருந்தவள். புகை மூட்டத்தில் கண்ணைத் துடைக்கிற ஒவ்வொரு தடவையும், “காத்து வருதா? நல்லா காத்து வருதா?” என்று கேட்பாள். பத்து வார்த்தை திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார், இந்த ஒரு கேள்வி அவரைக் குத்திக் கிழித்தது. ஐந்தாம் மாடி, வீடு மூன்று என்பது அவர்கள் வீடு.

மூன்று வருஷம் இப்படியே போனது. பேனலின் உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ஒயர் முனையைச் சிமென்ட் வைத்துப் பூசினார். அந்தச் சமையலறை மட்டும் அசையவில்லை. அதே மாடியில் மற்ற வீடுகளோ, அதே வீட்டில் மற்ற அறைகளோ ஒரு தடவைகூடக் கூவவில்லை. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் போர்த்திப் படுத்திருந்தார். மச்சினன் தனியாகக் கட்டடத்துக்குப் போய்ப் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து அவர் மனைவியைக் கூப்பிட்டாள். அந்த அம்மா பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவள், இவளோ கேட்க ஆரம்பித்தால் உலகத்தையே மறப்பவள். அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி, வழிந்து, பர்னரில் விழுந்து தீய்ந்த வாடை படுக்கை வரை வந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது.

“மாமா, அடிக்குது. அதேதான். செயலாளர் வேற வந்து நின்னுக்கிட்டு கத்தறாரு.”

“இருடா, இங்க பால் பொங்கிக் கருகுது,” என்று எழுந்து தள்ளாடிப் போய் அடுப்பை அணைத்து, துணியால் விசிறிப் புகையை விரட்டினார்.

“போயிடுச்சு மாமா,” என்றான் மச்சினன்.

மணிக்காரர் விசிறிய துணியோடு அப்படியே நின்றார். புகை காட்டாமல் எதையும் நம்பாதவர் அவர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பை முழுசாகத் திருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பொங்கவிட்டார். வந்துடுச்சு. அணைத்து விசிறினார். போயிடுச்சு. ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொரு பால் பாக்கெட்டைப் பிரித்தார். அடுப்பு, மேடை, தரை எல்லாம் பாலும் கருகலுமாக இருந்த நேரத்தில் வாசல் பேச்சு முடிந்து மனைவி உள்ளே வந்தாள்.

“என்னங்க இது! காய்ச்சல் தலைக்கேறிடுச்சா? வேணும்னே பொங்க விடறீங்களே!”

அவர் பதில் சொல்வதற்குள் மேடையில் கிடந்த போன் உற்சாகமாகக் கூவியது. “வந்துடுச்சு மாமா! அஞ்சாவது மாடி, வீடு மூணு!”

“தம்பியா?” என்றாள். “எந்த அஞ்சாவது மாடி?”

சத்தியம் வாங்கி என்ன பிரயோஜனம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். அவர் பால் சொட்டும் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே தரையைத் துடைத்தாள். இல்லாத வீட்டில் எப்படி மணி அடிக்கும் என்று அவள் கேட்கவேயில்லை. “அங்கயும் நான்தான் பாலைக் கருக விடறேனா?” என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள். “இத்தனை வருஷமா போயிட்டு வந்துட்டு இருந்திருக்கீங்க. என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?” நாளைக்கே வா, காட்டுகிறேன் என்றார். “வேண்டாம். இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?” என்று உள்ளே போய்விட்டாள். அவருக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. காய்ச்சல் வேறு ஏறியது.

காரணம் தெரிந்த பிறகும் தொல்லை குறைந்தபாடில்லை. கொஞ்சம் பால் பக்கத்தில் நில்லேன் என்று கெஞ்சினால், “நீங்க வந்து நில்லுங்களேன்,” என்று பதில் வந்தது. காலைப் பாலுக்கு அவரே போய் நின்றார். ஊரெல்லாம் தீயைக் காவல் காக்கிறவர் வீட்டில் பாலைக் காவல் காத்தார். காலை மணி நின்றது, சாயங்கால மணி நிற்கவில்லை. என் பெண்டாட்டி பாலை மறந்துவிடுகிறாள், அதனால்தான் உங்கள் கட்டடத்தில் மணி அடிக்கிறது என்று எந்த வாயால் செயலாளரிடம் சொல்வது? அவர் சொல்லவில்லை. சங்கத்தில் கூடிப் பேசி, பழைய பேனலையே தூக்கிப் போட்டுவிட்டு நான்கு மாடிக்கு மட்டும் புதுப் பேனல் வைப்பது என்று முடிவெடுத்தபோது, எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கியவர் மணிக்காரர்தான். சனியன் ஒழிந்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

பேனல் மாற்றும் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தார்கள். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. பழைய பேனல் பேட்டரியில் மட்டும் உயிரோடிருந்தது. மச்சினன் புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான், செயலாளர் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். மணிக்காரர் பேட்டரி ஒயரின் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருக ஆரம்பித்தபோது மணி அடித்தது.

“கடைசி ஒப்பாரி,” என்றார் செயலாளர். “கழட்டுங்க, கழட்டுங்க. இதுக்குத்தானே மாத்தறோம்.”

மணிக்காரர் பழக்க தோஷத்தில் திரையைப் பார்த்தார். ஐந்தாம் மாடி, வீடு மூன்று, படுக்கையறை.

சமையலறை இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வராத பெயர். படுக்கையறையில் யாரும் பால் காய்ச்சுவதில்லை. வீட்டுக்குப் போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்ளப் போகிறேன், போட்டால் ஆளை அடித்துப்போட்டது மாதிரி தூக்கம் வரும் என்று காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு அம்மாவுக்குப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துப் பேச ஆரம்பித்தாள். “அம்மா, பேசாதீங்க! உங்ககிட்ட இருக்கிற எங்க வீட்டுச் சாவியை எடுத்துட்டு ஓடுங்க. படுக்கையறையில தீ. ஓடுங்கம்மா!” என்று கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தாள்.

மச்சினனைப் பேனலை விட்டு நகரக் கூடாது, யார் என்ன சொன்னாலும் ஒயரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார். வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டே போனார், பெரும்பாலும் தன்னைத்தான். இன்னும் இரண்டு திருகு திருகியிருந்தால் அந்தப் பெயர் திரைக்கு வந்தே இருக்காது. அஞ்சாவதே சொல்லுங்க மாமா என்று மிடுக்காகச் சொன்ன வாயால் அன்று எந்தச் சாமியையும் கூப்பிடக்கூட அவருக்குத் தெரியவில்லை. வந்துடுச்சு, வந்துடுச்சு என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவி வாசல் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. கட்டிலின் மேல் போர்வையை மடித்துப் போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவள், கரண்ட் போனதும் தேய்ப்புப் பெட்டியைப் படுக்கவைத்த நிலையிலேயே விட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் தலை சாய்த்திருக்கிறாள். அவள் தூங்கின பிறகு கரண்ட் வந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மா போனபோது மெத்தை பாதி கனன்று அறை முழுக்கப் புகை. கையைப் பிடித்து இழுத்து, முடியாமல், தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். இப்போது உள்ளே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மணிக்காரர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரிக் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் அப்படிக் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். சட்டைப்பையில் போன் அடித்தது.

“போயிடுச்சு மாமா,” என்றான் மச்சினன். “அக்கா எப்படி இருக்கு மாமா?”

“இங்கதான்டா இருக்கா. இருமறா.”

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, தான் செய்ததை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அதைக் கடைசி வரை கேட்டார். மறுநாளும் கேட்டார்.

புதுப் பேனல் பெட்டியிலேயே கிடந்தது. மணிக்காரர் சங்கத்தைக் கூட்டச் சொல்லி, பால், மருந்து வாடை, மெத்தை என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் ஆத்திரம்தான் வந்தது. “அப்போ அத்தனை நாளும் உங்க வீட்டுப் பாலா? எத்தனை தடவை பாதிச் சவரத்தோட எறங்கியிருக்கேன் தெரியுமா?” என்று மூன்றாம் மாடிக்காரர் எகிறினார். அவர் அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “ஒண்ணு சொல்லணும். மணி ஒரு நாளும் பொய் சொல்லலை. நாமதான் போர்வையைத் திணிச்சோம்.” கலைந்து போகும்போது ஆளுக்கொரு சைரனிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

புதுப் பேனலில் ஐந்தாம் மாடியின் பெயர்களை யாரும் ஏற்றவில்லை. மின்சாரம் கொடுத்ததும் அவை தானாகவே வந்து வரிசையில் நின்றன. அதன் பக்கத்தில் மணிக்காரர் மனைவியின் போன் நம்பரைச் செயலாளர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். சமையலறை என்று வந்தால், அந்தப் பக்கம் போகிற யாராவது நம்பரை அடித்து “அம்மா, பால்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவளும் “ஐயய்யோ” என்று வைத்துவிடுவாள். வேறு எந்த இடம் வந்தாலும் பல் துலக்குகிறவர், சாப்பிடுகிறவர் உட்பட எல்லாரும் இறங்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் இரண்டாம் மாடியில் ஒயர் உருகிப் பற்றிக்கொண்டபோது, புகை படிக்கட்டுக்கு வருவதற்குள் கட்டடமே வாசலில் நின்றிருந்தது. பழையவர்கள் காலி செய்து போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். ஐந்தாவது மாடி எங்கே இருக்கிறது என்று புதியவர்கள் கேட்டால், காவலாளி மேலே கையைக் காட்டிவிட்டுத் தன் தேநீரைக் குடிப்பார்.

வருஷச் சோதனைக்கு மணிக்காரர் மனைவி ஒரு தடவை வந்தாள். யாரும் அழைக்கவில்லை. மருந்து வாடைக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வந்தேன், அப்படியே இங்கே வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, பேனலில் நின்ற தம்பிக்கு ஒரு திட்டு கொடுத்துவிட்டுப் படியேறினாள். மணிக்காரர் மொட்டைமாடியில் படுக்கையறைக்கு நேராகக் கழியை உயர்த்திக்கொண்டிருந்தார். அவள் தளத்தில் இருந்த சாக்கட்டிக் கோடுகளைப் பார்த்தாள். நிலைப்படி இருக்க வேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஹாலைத் தாண்டி, சமையலறையில் அடுப்பு வர வேண்டிய மூலையில் நின்றாள். புடவைத் தலைப்பு படபடவென்று அடித்தது.

“நீங்க சொன்னது சரிதாங்க,” என்றாள். “காத்து நல்லாத்தான் வருது.”

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் பாதி ஆயுளைக் கழித்திருந்தார். ஆனால் கழி கையில் இருந்தது, புகை ஏறிக்கொண்டிருந்தது, கீழே மச்சினன் போனில் காத்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லு,” என்றார் மேலே பார்த்தபடியே. “அங்க செவுரு இருக்கு, இடிச்சுக்கப் போற.”